ரீஸ்டார்ட் செய்யும் முன் /ப்ராக்-ஐப் பாருங்கள்: லினக்ஸ் சர்வரில் ப்ராசஸ், ஓபன் ஃபைல் கோளாறுகள், அறிகுறி வாரியாக

லினக்ஸ் சர்வரில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இரண்டு கணக்குகளுக்குள் அடங்கிவிடும்: எந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) இன்னும் உயிரோடு இருக்கிறது, அது எந்தெந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டையும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விடாமல் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பு முழுவதும் /ப்ராக் என்ற டைரக்டரியில் படிக்கக் கிடைக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் கோளாறு மறையும், கூடவே அந்தக் குறிப்பும் அழியும். காரணம் தெரியாததால் சில நாளில் அதே கோளாறு மறுபடி வந்து நிற்கும். அதனால் கீழே எல்லா அறிகுறிக்கும் முதலில் பார்ப்பது, பிறகு கை வைப்பது என்பதே வரிசை.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். பிஐடி என்று வரும் இடத்தில் ப்ராசஸின் எண்ணைப் போடவும். எல்லாவற்றையும் ரூட்டாகவே (முழு அதிகாரம் உள்ள யூசராக) ஓட்டுங்கள். சாதாரண யூசராக ஓட்டினால் மற்றவர்களுடைய ப்ராசஸ்கள் திறந்து வைத்திருப்பது தெரியாது. பட்டியல் காலியாக வரும், பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

## அறிகுறி: டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது, கூட்டிப் பார்த்தால் கணக்கு வரவில்லை

டிஎஃப் -எச் கொடுத்தால் 100%. டியூ -எக்ஸ்எஸ்எச் / கொடுத்தால் பாதிகூட இல்லை.

### சற்று முன் பெரிய லாக் ஃபைல் எதையாவது அழித்தீர்களா?

பெரும்பாலும் காரணம் இதுதான். ஆர்எம் கட்டளை அழிப்பது பெயரை மட்டும். ஏதாவது ஒரு ப்ராசஸ் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் விடுபடாது. பெயர்ப்பலகையைக் கழற்றினால் குடியிருப்பவர் காலி செய்துவிட்டார் என்று ஆகாது. டியூ பெயர்களை வைத்துக் கூட்டுகிறது, டிஎஃப் இடத்தைக் கேட்டுச் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் காணாமல்போன ஜிபி.

இதைக் கொடுங்கள் (எல் பெரிய எழுத்து):

எல்எஸ்ஓஎஃப் +எல்1

பெயர் இல்லாமல் திறந்து கிடக்கும் ஃபைல்கள் மட்டும் வரும். ஒரு வரி இப்படி இருக்கும்:

ஜாவா 2841 ஆப் 7டபிள்யூ ரெக் 253,0 41943040000 0 1311042 /வர்/லாக்/ஆப்/ஆப்.லாக் (டிலீட்டட்)

இடமிருந்து: ப்ராசஸ் பெயர், பிஐடி, யூசர், ஃபைல் டிஸ்க்ரிப்டர் எண் (திறந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ப்ராசஸ் வைத்திருக்கும் எண், சுருக்கமாக எஃப்டி). 7டபிள்யூ என்றால் ஏழாம் எண்ணில், எழுதுவதற்காகத் திறந்தது. அதற்குப் பிறகு ஃபைலின் வகை, டிவைஸ் எண், அளவு (இங்கே சுமார் 39 ஜிபி). அளவை அடுத்து வரும் 0 முக்கியம்: அந்த ஃபைலுக்கு ஒரு பெயர்கூட மிச்சமில்லை என்று பொருள். கடைசியில் டிலீட்டட் என்ற குறி.

எல்எஸ்ஓஎஃப் அந்த மெஷினில் இல்லையென்றால் எல்எஸ் -எல் /ப்ராக்/2841/எஃப்டி போதும். அதே டிலீட்டட் குறி அங்கேயும் வரும்.

விடுவிக்க, எளிதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் அந்த சர்வீஸுக்கு லாக்கை மறுபடி திறக்கச் சொல்லும் சிக்னல் (கில் கட்டளையால் ப்ராசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) உண்டா என்று பாருங்கள். என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1, ஆர்சிஸ்லாகுக்கு ஹப். சிக்னல் கிடைத்ததும் பழைய ஃபைலை மூடிவிடும், இடம் திரும்பிவிடும். சர்வீஸ் ஒரு கணமும் நிற்காது.

அப்படிச் சிக்னல் இல்லை, ரீஸ்டார்ட்டும் இப்போது முடியாது என்றால் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யலாம்:

ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ராக்/2841/எஃப்டி/7

இதைச் செய்யும் முன் அது நிஜமாகவே லாக் ஃபைல்தானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸின் டேட்டா ஃபைலாகவோ தற்காலிக ஃபைலாகவோ இருந்தால் தொடவே கூடாது, டிபிஏவை (டேட்டாபேஸ் நிர்வாகியை) அழையுங்கள். சில டேட்டாபேஸ்கள் தற்காலிக ஃபைலைத் திறந்தவுடனே வேண்டுமென்றே பெயரை அழித்துவிடும். அது கோளாறு அல்ல, அதன் வேலை முறை.

காலி செய்த பிறகு ஃபைல் மறுபடி 39 ஜிபி என்று காட்டுகிறதா? பதற வேண்டாம். அந்த ப்ரோக்ராம் ஃபைலை அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் கடைசியில் எழுதும் முறை) திறக்கவில்லை. பழைய இடத்திலிருந்தே எழுதத் தொடர்கிறது, முன்பகுதி வெற்றுத் துளையாக நிற்கிறது. டிஸ்க்கில் அது இடம் எடுக்காது. பெயருள்ள ஃபைல்களில் எல்எஸ் -எல்எஸ் கொடுத்தால் முதல் நெடுவரிசையில் உண்மையான அளவு தெரியும்.

திரும்ப வராமல் இருக்க லாக்ரொடேட் (பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் கருவி) கான்ஃபிக்கைச் சரிசெய்யுங்கள். லாக்ரொடேட் பெயரை மாற்றிவிட்டுப் புது ஃபைல் உருவாக்குகிறது, ஆனால் ப்ராசஸ் பழையதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பிறகு பழையது கம்ப்ரெஸ் ஆகி அழிக்கப்படும்போதுதான் இந்தச் சிக்கல் பிறக்கிறது. போஸ்ட்ரொடேட் பகுதியில் சரியான சிக்னலைப் போடுவதே நல்ல தீர்வு. காப்பிட்ரன்கேட் போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் நகலெடுத்து முடிப்பதற்கும் காலி செய்வதற்கும் இடையில் எழுதப்பட்ட சில வரிகள் தொலையும். தணிக்கைக்குப் போகும் லாக் என்றால் அதைப் போடாதீர்கள்.

### அழித்தும் திறந்து கிடப்பது ஒன்றும் இல்லையா?

டிஎஃப் -ஐ கொடுங்கள். ஐயூஸ் சதவீதம் 100 என்றால் இடம் தீரவில்லை, ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவு) தீர்ந்திருக்கிறது. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் ஐநோட் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே நிச்சயமாகிவிடும், பொதுவாக 16 கேபிக்கு ஒன்று. லட்சக்கணக்கில் குட்டி ஃபைல் குவிந்தால் இடம் இருந்தும் புது ஃபைல் உருவாகாது. எங்கே குவிந்தது என்று டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / கொடுத்து எண் வரிசையில் அடுக்கிக் கடைசிப் பத்து வரியைப் பாருங்கள். பெரும்பாலும் பிஎச்பி செஷன் டைரக்டரி, அனுப்பப்படாத மெயில் க்யூ, கேஷ் டைரக்டரி இவற்றில் ஒன்றாக இருக்கும்.

அதுவும் இல்லையென்றால் மவுண்ட்டுக்கு (ஒரு டைரக்டரியில் இணைத்த டிஸ்க்குக்கு) அடியில் ஒளிந்திருக்கலாம். /டேட்டா மவுண்ட் ஆகாத நாளில் பேக்கப் ஓடி ரூட் டிஸ்க்கிலேயே (/ இருக்கும் டிஸ்க்) எழுதியிருக்கும். பிறகு மவுண்ட் ஆனதும் அந்த ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது. மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி கொடுத்து /எம்என்டி/டேட்டாவுக்குள் பாருங்கள், அடியில் கிடப்பது தெரியும். பார்த்து முடித்ததும் யூமவுண்ட் /எம்என்டி.

ரூட்டுக்கு மட்டும் எழுத முடிகிறது, மற்ற யூசருக்கு முடியவில்லை என்றால் எக்ஸ்ட்4 ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கும் 5% அது. டேட்டா பார்ட்டிஷனில் மட்டும் ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டுக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் அப்படியே விடுங்கள், நெருக்கடியில் உள்ளே நுழைய அதுதான் இடம் தரும்.

## அறிகுறி: முக்கியமான ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டீர்கள், ப்ராசஸ் இன்னும் ஓடுகிறது

ப்ராசஸை நிறுத்தாதீர்கள். அதுதான் அந்த ஃபைலின் கடைசிப் பிடி. மேலே சொன்ன எல்எஸ்ஓஎஃப் +எல்1 கொடுத்துப் பிஐடியையும் எஃப்டி எண்ணையும் எடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் என்றால் கில் -ஸ்டாப் பிஐடி (ஸ்டாப் பெரிய எழுத்தில்) போட்டு உறைய வையுங்கள். பிறகு:

சிபி /ப்ராக்/பிஐடி/எஃப்டி/எண் /வேறு-டிஸ்க்/மீட்டது

அளவு சரியா என்று பார்த்த பிறகு கில் -கான்ட் பிஐடி கொடுத்து ஓட விடுங்கள். நகல் வேறு டிஸ்க்கில் இருக்கட்டும்.

எஃப்டி பட்டியலில் இல்லை, ஆனால் எல்எஸ்ஓஎஃப்பில் எம்இஎம் அல்லது டிஇஎல் என்று வருகிறதா? மெமரியில் மேப் செய்துவிட்டு எண்ணை மூடியிருக்கிறது. /ப்ராக்/பிஐடி/மேப்_ஃபைல்ஸ் டைரக்டரியிலிருந்து அதே மாதிரி நகலெடுக்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைல்களை இப்படி நகலெடுத்து அதையே நம்பக் கூடாது. ஒரு ஃபைலுக்கும் இன்னொன்றுக்கும் நேரம் ஒத்துவராது. சர்வர் உயிரோடு இருக்கும்போதே அதன் சொந்த டம்ப் கருவியால் முழு டம்ப் எடுப்பதுதான் வழி. அதற்கு டிபிஏ வரும் வரை யாரும் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடக் கூடாது. ப்ராசஸ் ஏற்கெனவே நின்றுவிட்டது என்றால் டிஸ்க்கில் எழுதுவதை உடனே நிறுத்திவிட்டு டேட்டா மீட்பு நிபுணரிடம் போங்கள்.

## அறிகுறி: "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்" என்று லாக்கில் வருகிறது

செய்தியை முழுதாகப் படியுங்கள். கடைசியில் "இன் சிஸ்டம்" என்று சேர்ந்து வந்தால் மெஷின் முழுவதற்குமான லிமிட் தீர்ந்தது. வராவிட்டால் அந்த ஒரு ப்ராசஸின் லிமிட். முதலாவது இப்போது அபூர்வம். /ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/ஃபைல்-என்ஆர் ஃபைலில் மூன்று எண் இருக்கும்: முதலாவது இப்போது திறந்திருப்பது, மூன்றாவது உச்சம். புது சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் ப்ரோக்ராம்) உள்ள மெஷின்களில் மூன்றாவது எண் எட்ட முடியாத அளவு பெரிதாக இருக்கும்.

ஒரு ப்ராசஸ் மட்டும் என்றால் இரண்டே கேள்வி. லிமிட் எவ்வளவு?

கேட் /ப்ராக்/பிஐடி/லிமிட்ஸ்

"மேக்ஸ் ஓபன் ஃபைல்ஸ்" வரியில் சாஃப்ட் (இப்போது அமலில் இருப்பது), ஹார்ட் (உயர்த்தக்கூடிய உச்சம்) என்று இரண்டு எண். சாஃப்ட் பொதுவாக 1024. எவ்வளவு திறந்திருக்கிறது?

எல்எஸ் /ப்ராக்/பிஐடி/எஃப்டி | டபிள்யூசி -எல்

சில நிமிட இடைவெளியில் நான்கைந்து முறை எண்ணுங்கள். இங்கேதான் பாதை பிரிகிறது.

### எண் ஏறி இறங்குகிறது, உச்ச நேரத்தில் மட்டும் லிமிட்டைத் தொடுகிறது

நிஜமான சுமை, லிமிட்டை உயர்த்த வேண்டியதுதான். அவசரத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே:

பிஆர்லிமிட் --பிட் பிஐடி --நோஃபைல்=65536:65536

நிரந்தரமாக வேண்டுமென்றால் சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து சர்வீஸ் பகுதியில் லிமிட்நோஃபைல்=65536 என்று எழுதி (எல்லும் நோஃபைலும் பெரிய எழுத்து), சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். /இடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப்பில் எழுதிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த ஃபைல் லாகின் செய்யும் யூசருக்கு மட்டும். சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸ் அதைப் படிப்பதே இல்லை. அதனால் எதை மாற்றினாலும் மறுபடி /ப்ராக்/பிஐடி/லிமிட்ஸைப் பாருங்கள், அங்கே இருப்பதுதான் உண்மை. என்ஜின்எக்ஸ் என்றால் அதன் கான்ஃபிக்கிலேயே வொர்க்கர்_ஆர்லிமிட்_நோஃபைல் என்று ஒரு வரி உண்டு, அதையும் பாருங்கள்.

"இன்ஃபினிட்டி" என்று போட்டுவிடும் பழக்கம் வேண்டாம். சில ப்ரோக்ராம்கள் தொடங்கும்போது லிமிட் வரை உள்ள எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கும். லிமிட் 1073741816 ஆக இருக்கும் கன்டெய்னருக்குள் (ப்ரோக்ராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) அதே ப்ரோக்ராம் தொடங்கவே பல நிமிடம் சிபியுவைத் தின்னும். இன்னொரு பக்கம், செலக்ட் என்ற பழைய அழைப்பை நம்பும் ப்ரோக்ராமுக்கு 1024-க்கு மேல் எண் கிடைத்தால் மெமரி கெட்டுப்போகும். அப்படிப்பட்ட பழைய மென்பொருளுக்கு லிமிட்டை உயர்த்துவது மருந்து அல்ல.

### எண் ஏறிக்கொண்டே போகிறது, இறங்குவதே இல்லை

லீக். லிமிட்டை உயர்த்தினால் விழும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. எது கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். எல்எஸ் -எல் /ப்ராக்/பிஐடி/எஃப்டி பட்டியலில் அம்புக்குறிக்கு வலப்பக்கம் எது அதிகம் என்று எண்ணுங்கள்.

ஒரே ஃபைல் பெயர் நூற்றுக்கணக்கில் வந்தால் அந்த ஃபைலைத் திறந்து மூட மறந்த கோட் எங்கே என்று டெவலப்பருக்கு உடனே தெரிந்துவிடும்.

"சாக்கெட்" என்று நிரம்பியிருந்தால் எஸ்எஸ் -டிஏஎன்பி கொடுத்து நிலையைப் பாருங்கள். க்ளோஸ்-வெயிட் குவிந்திருந்தால் எதிர்முனை மூடிவிட்டது, நம் ப்ரோக்ராம்தான் மூடவில்லை. நெட்வொர்க் ட்யூனிங் எதுவும் இதற்கு உதவாது, டைம்அவுட் எண்ணை மாற்றி நேரத்தை வீணடிக்காதீர்கள். தவறு அந்த ப்ரோக்ராமின் கோடில் இருக்கிறது. எதிர்முனை ஐபியைக் குறித்துக் கொடுத்தால் எந்த அழைப்பின் பதிலை மூடாமல் விடுகிறார்கள் என்று தேடுவது எளிது.

"பைப்" நிரம்பியிருந்தால் வெளி ப்ரோக்ராமை ஓட்டிவிட்டு அதன் வெளியீட்டை மூடாமல் விடுகிறது. "ஈவெண்ட்போல்" நிரம்பியிருந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது எச்டிடிபி க்ளையன்ட் உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் டெவலப்பர் வேலை. அவர் சரிசெய்யும் வரை லிமிட்டை இரண்டு மடங்காக்கி, எண் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிட்டு, லிமிட்டைத் தொடும் நேரத்துக்கு முன்பாகத் திட்டமிட்ட ரீஸ்டார்ட் வையுங்கள். லிமிட்டைத் தொட்ட சர்வர் புது இணைப்பை ஏற்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அதே இடத்தில் சுற்றும். சிபியு திடீரென்று 100% போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

### எண் லிமிட்டுக்கு வெகு கீழே, ஆனாலும் அதே செய்தி

இனோடிஃபை. ஃபைல் மாற்றத்தைக் கவனிக்கும் எடிட்டர், பில்ட் கருவி, லாக் அனுப்பும் ஏஜென்ட் எல்லாம் இதைப் பயன்படுத்துகின்றன. ஒரு யூசருக்கு மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்சஸ் வழக்கமாக 128. அது தீர்ந்தாலும் "டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்" என்றே வரும். மேக்ஸ்_யூசர்_வாட்சஸ் தீர்ந்தால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்று வரும், டிஸ்க்கில் தாராளமாக இடம் இருக்கும்போதே. கர்னல் 5.11-க்கு முன் வாட்சஸ் 8192 மட்டும். சிஸ்சிடிஎல் கொடுத்து எஃப்எஸ்.இனோடிஃபை கீழுள்ள இரண்டையும் உயர்த்துங்கள்.

## அறிகுறி: யூமவுண்ட் "டார்கெட் இஸ் பிஸி" என்கிறது

முதலில் உங்கள் சொந்த டெர்மினலைப் பாருங்கள். அதே டைரக்டரிக்குள் சிடி செய்துவிட்டு வெளியே வராமல் இருப்பதே பாதிக் காரணம். வேறொரு டெர்மினலையும் பாருங்கள்.

அடுத்து:

எஃப்யூசர் -விஎம் /டேட்டா

ஒவ்வொரு பிஐடிக்கும் பக்கத்தில் எழுத்து வரும். சி என்றால் அந்த டைரக்டரிக்குள் நிற்கிறது, எஃப் திறந்த ஃபைல் (பெரிய எஃப் எழுதுவதற்குத் திறந்தது), இ அங்கிருந்து ஓடும் ப்ரோக்ராம், எம் மேப் செய்த ஃபைல். சி மட்டும் என்றால் யாரோ ஷெல்லைத் திறந்து வைத்திருக்கிறார், கேட்டு வெளியே வரச் சொன்னால் போதும். பெரிய எஃப் என்றால் சர்வீஸை முறைப்படி நிறுத்துங்கள்.

இதே கட்டளையில் -கே சேர்த்தால் எல்லாரையும் கொன்றுவிடும். அதில் ஒரு பயங்கரமான பொறி இருக்கிறது. /டேட்டா அந்த நேரத்தில் மவுண்ட் ஆகியிருக்காவிட்டால், அந்த டைரக்டரி இருக்கும் ஃபைல்சிஸ்டம், அதாவது ரூட், முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சர்வரே போய்விடும். கட்டாயம் பயன்படுத்த வேண்டுமென்றால் பெரிய எழுத்து -எம் சேருங்கள். மவுண்ட் பாயின்ட்டாக இல்லாவிட்டால் அது எதையும் செய்யாமல் நின்றுவிடும்.

எஃப்யூசரில் ப்ராசஸ் எதுவும் வரவில்லை, ஆனாலும் பிஸியா? கர்னலே பிடித்திருக்கிறது. ஃபைண்ட்எம்என்டி -ஆர் /டேட்டா (ஆர் பெரிய எழுத்து) கொடுத்தால் உள்ளே இன்னொரு மவுண்ட் இருக்கிறதா என்று தெரியும். ஸ்வாப்ஆன் --ஷோ ஸ்வாப் ஃபைலைக் காட்டும், லோசெட்அப் -ஏ லூப் டிவைஸை (டிஸ்க் போல இணைத்த ஃபைல்) காட்டும், எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி டிஸ்க்) பகிர்வைக் காட்டும்.

யூமவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் ஃபார்மேட் செய்யவோ எல்விஎம் வால்யூமை நீக்கவோ போனால் "பிஸி" என்கிறதா? வேறொரு மவுண்ட் நேம்ஸ்பேஸில் (தனி மவுண்ட் பட்டியலில்), பெரும்பாலும் ஒரு கன்டெய்னருக்குள், அது இன்னும் மவுண்ட் ஆகியிருக்கிறது. க்ரெப் -எல் /டேட்டா /ப்ராக்/*/மவுண்ட்இன்ஃபோ கொடுங்கள், பிஐடி தெரியும்.

யூமவுண்ட் -எல் கடைசி வழி. பெயரை மட்டும் மறைத்துவிட்டு உள்ளே எழுதுவதைத் தொடர விடும். அதை நம்பி டிஸ்க்கைப் பிடுங்கினால் டேட்டா போகும். என்எஃப்எஸ் சர்வர் செத்துப்போன நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: கில் -9 போட்டும் ப்ராசஸ் சாகவில்லை

ஒன்பது போட்டும் போகாத ப்ராசஸுக்கு மறுபடி மறுபடி ஒன்பது போடுவதில் பயனில்லை. நிலையைக் கேளுங்கள்:

பிஎஸ் -இஓ பிட்,பிபிட்,ஸ்டாட்,டபிள்யூசான்:32,காம்

ஸ்டாட் நெடுவரிசையின் முதல் எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

### இசட் என்று இருந்தால்

ஸாம்பி. ஏற்கெனவே செத்துவிட்டது. மெமரியும் இல்லை, திறந்த ஃபைலும் இல்லை. பட்டியலில் ஒரு எண் மட்டும் மிச்சம். அதன் பேரன்ட் (அதைத் தொடங்கிய ப்ராசஸ்) வந்து முடிவைக் கேட்டுக்கொள்ளாததால் நிற்கிறது. ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை வளர்ந்தால் பிபிட் எண்ணில் உள்ள பேரன்ட்தான் குற்றவாளி. கில் -எஸ் சிக்சைல்ட் என்று பேரன்ட்டுக்கு ஒரு தடவை நினைவூட்டிப் பாருங்கள். நடக்கவில்லையா, பேரன்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அநாதையானவற்றை பிஐடி 1 (முதல் ப்ராசஸ், பொதுவாக சிஸ்டம்டி) எடுத்துக்கொண்டு உடனே துடைத்துவிடும்.

கன்டெய்னருக்குள் என்றால் பிஐடி 1 உங்கள் ஆப்பே. துடைக்கும் வேலை அதற்குத் தெரியாது. டாக்கர் ரன் கட்டளையில் --இனிட் சேர்த்து ஓட்டினால் தீர்ந்தது.

### டி (பெரிய எழுத்து) என்று இருந்தால்

கர்னலுக்குள் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது, பெரும்பாலும் டிஸ்க் அல்லது என்எஃப்எஸ். அது முடியும் வரை சிக்னல் போய்ச் சேராது. சிபியு சும்மா இருக்க லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டே போவதற்கும் இதுதான் காரணம். டி நிலையில் உள்ளவையும் அந்தக் கணக்கில் சேரும்.

டபிள்யூசான் (கர்னலுக்குள் எங்கே காத்திருக்கிறது) நெடுவரிசையில் ஆர்பிசி, என்எஃப்எஸ் என்று தொடங்கும் பெயர் வந்தால் நெட்வொர்க் டிஸ்க். ஐஓ_ஷெட்யூல், ஜெபிடி2 என்று வந்தால் உள்ளூர் டிஸ்க். முழு விவரம் கேட் /ப்ராக்/பிஐடி/ஸ்டாக் கொடுத்தால் வரும்.

என்எஃப்எஸ் என்றால் அந்த சர்வருக்குப் போகும் வழியைச் சரிசெய்யுங்கள். திரும்பி வந்ததும் தொங்கிய ப்ராசஸ்கள் தாமாகவே தொடரும். இதற்கிடையில் டிஎஃப் கொடுத்தால் அதுவும் தொங்கும், டிஎஃப் -எல் கொடுங்கள்.

உள்ளூர் டிஸ்க் என்றால் டிமெஸ்ஜி -டி (டி பெரிய எழுத்து) கொடுத்து "ஐ/ஓ எரர்" தேடுங்கள். "120 விநாடிக்கு மேல் தடைப்பட்டது" என்ற எச்சரிக்கையும் வரும். அந்த எச்சரிக்கை வழக்கமாகப் பத்து முறைக்குப் பிறகு நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். லாக் அமைதியாக இருப்பதால் குணமாகிவிட்டது என்று ஆகாது. ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கொடுத்து ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் எண்களைப் பாருங்கள். பெண்டிங் பூஜ்யமாக இல்லாவிட்டால் முதலில் பேக்கப், அதற்குப் பிறகே மற்ற எல்லாம். எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கும் கருவி) ஓட்டிச் சோதிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சாகும் டிஸ்க்கில் அது கடைசி உயிரையும் எடுத்துவிடும். ரெய்டு கார்டு, எஸ்ஏஎன் (தனி ஸ்டோரேஜ் நெட்வொர்க்) இருந்தால் இந்த இடத்தில் ஸ்டோரேஜ் குழுவையோ வென்டரையோ அழையுங்கள்.

### பிஎஸ் கட்டளையே பாதியில் நின்றுவிடுகிறது

ஏதோ ஒரு ப்ராசஸின் முழுக் கட்டளை வரியைப் படிக்கப் போய் மாட்டிக்கொள்கிறது. மேலே உள்ள பிஎஸ் கட்டளையில் ஆர்க்ஸ் (முழுக் கட்டளை வரி) என்று போடாமல் காம் (பெயர் மட்டும்) என்று போட்டிருப்பது இதற்காகவே. அது அந்த இடத்தைத் தொடாது.

## அறிகுறி: "ஃபோர்க்: ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்"

மெமரி பற்றாக்குறை என்று நினைத்து ரேம் வாங்கப் போகாதீர்கள். எண்ணிக்கை லிமிட் தீர்ந்திருக்கிறது. ஜாவாவில் இதுவே "அவுட்ஆஃப்மெமரி" என்ற தலைப்போடு "புது நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை" என்று வந்து குழப்பும்.

முதலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்து "டாஸ்க்ஸ்" வரியைப் பாருங்கள். பக்கத்திலேயே லிமிட் இருக்கும். தொட்டிருந்தால் டாஸ்க்ஸ்மேக்ஸை (டியும் எம்மும் பெரிய எழுத்து) உயர்த்துங்கள். 4915 என்ற எண்ணைப் பார்த்தால் அது 32768-இல் 15%, சிஸ்டம்டி தானாகப் போட்டது.

அது இல்லையென்றால் யூலிமிட் -யூ. அந்த யூசர் பெயரில் மெஷின் முழுவதும் ஓடும் எல்லா த்ரெடும் (ப்ராசஸுக்குள் ஓடும் கிளை) இதில் சேரும், ப்ராசஸ் மட்டுமல்ல. பிஎஸ் -இஎல்எஃப் (எல் பெரிய எழுத்து) கொடுத்து யூசர் வாரியாக எண்ணுங்கள். மூன்றாவது, கர்னல்.பிட்_மேக்ஸ். பழைய மெஷின்களில் 32768 மட்டும்.

எந்தக் கட்டளையும் ஓடவில்லை, ஆனால் ஒரு ஷெல் கையில் இருக்கிறது என்றால் அதை மூடாதீர்கள். பேஷ் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகளுக்குப் புது ப்ராசஸ் தேவையில்லை. சிடி /ப்ராக், எக்கோ [0-9]* என்று கொடுத்தால் பிஐடி பட்டியல் வரும். ரீட் எக்ஸ் < பிஐடி/காம் கொடுத்துப் பிறகு எக்கோ $எக்ஸ் என்றால் பெயர் வரும். கில்லும் பேஷ்க்குள்ளேயே இருப்பதுதான். தன்னைத்தானே பெருக்கும் ப்ரோக்ராம் என்றால் ஒவ்வொன்றாகக் கொல்வது பலிக்காது, ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும். முதலில் எல்லாவற்றுக்கும் ஸ்டாப், உறைந்த பிறகு எல்லாவற்றுக்கும் கில்.

## அறிகுறி: "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்", போர்ட் கிடைக்கவில்லை

எஸ்எஸ் -எல்டிஎன்பி கொடுத்து யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் சர்வீஸின் பழைய பிரதி என்றால் நிறுத்துங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு ஷெல்லோ ஸ்கிரிப்டோ வந்தால், சர்வீஸ் அதைத் தொடங்கியபோது திறந்திருந்த சாக்கெட்டையும் கைமாற்றிவிட்டது. அந்தக் குட்டி ப்ராசஸை நிறுத்துங்கள், சாக்கெட்டை க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் குறியோடு திறக்கும்படி டெவலப்பரிடம் சொல்லுங்கள். பிஐடி 1 வந்தால் சிஸ்டம்டி சாக்கெட் யூனிட் ஒன்று பிடித்திருக்கிறது.

யாரும் கேட்கவில்லை, டைம்-வெயிட் (மூடிய பிறகும் சிறிது நேரம் நிற்கும் இணைப்பு) மட்டும் இருக்கிறது என்றால் 60 விநாடி காத்திருங்கள். 32768-க்கும் 60999-க்கும் இடைப்பட்ட போர்ட்டை சர்வீஸுக்கு வைத்திருந்தால், வெளியே போகும் ஏதோ ஒரு இணைப்பு அந்த எண்ணை எடுத்திருக்கலாம். எப்போதோ ஒருமுறை மட்டும் தொடங்க மறுக்கும் சர்வீஸ்களுக்கு இதுதான் காரணம். எண்ணை மாற்றுங்கள், அல்லது ஐபி_லோக்கல்_ரிசர்வ்டு_போர்ட்ஸில் சேருங்கள்.

## அறிகுறி: "ஏற்கெனவே ஓடுகிறது" என்கிறது, ஓடவில்லை

மின்சாரம் போய் வந்த பிறகு இது வரும். பிட் ஃபைலில் (சர்வீஸ் தன் பிஐடியை எழுதி வைக்கும் ஃபைல்) உள்ள எண்ணை இப்போது வேறு ப்ராசஸ் எடுத்திருக்கிறது. எல்எஸ் -எல் /ப்ராக்/அந்த-எண்/இஎக்ஸ்இ கொடுத்து அது யார் என்று உறுதி செய்த பிறகு பிட் ஃபைலை மட்டும் அழியுங்கள். அந்த எண்ணுக்குக் கில் போட்டுவிடாதீர்கள், சம்பந்தமில்லாத சர்வீஸ் செத்துப்போகும்.

## நிபுணரை அழைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ரீபூட் தவிர்க்க முடியாது என்று ஆகிவிட்டால், அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சிக்கலான ப்ராசஸின் /ப்ராக்/பிஐடி கீழுள்ள ஸ்டேட்டஸ், லிமிட்ஸ், ஸ்டாக் மூன்றையும், எஃப்டி டைரக்டரியின் எல்எஸ் -எல் வெளியீட்டையும் வேறு மெஷினுக்கு அனுப்பிவிடுங்கள். எஸ்எஸ் -டிஏஎன்பி வெளியீடும் அப்படியே. டி நிலையில் பல ப்ராசஸ் தொங்கினால் இதைக் கொடுங்கள்:

எக்கோ டபிள்யூ > /ப்ராக்/சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர்

தடைப்பட்டு நிற்கும் எல்லா ப்ராசஸின் ஸ்டாக்கும் கர்னல் லாக்கில் கொட்டும். அதை டிமெஸ்ஜியிலிருந்து எடுத்து வையுங்கள். கர்னல் வென்டரும் ஸ்டோரேஜ் குழுவும் முதலில் கேட்பது இதைத்தான். எழுத்தைக் கவனமாகத் தட்டுங்கள்: டபிள்யூவுக்குப் பதில் பி விழுந்தால், மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதாமலேயே மெஷின் அந்தக் கணமே ரீபூட் ஆகிவிடும்.